வறுக்காத மல்லாட்டையின் பூ

கல்லேரிமேட்டில், சர்வேயர் வீட்டுச் சம்பூரணம் பச்சை மல்லாட்டையை வறுக்காமல் கொள்ளாமல் அப்படியே அரைத்து வெண்ணெய் எடுத்த மூன்றாம் நாள் காலையில், பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சருக்கு இடது காதின் பின்னால் ஒரு மஞ்சள் பூ பூத்தது. டீச்சர் அதைக் கண்ணாடியில் பார்த்து, பறிக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, முதல் மணி அடிக்கப் பத்து நிமிஷம்தான் இருந்ததால் கொண்டையை மட்டும் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார். மூன்றாவது பீரியடில் பூ வாடியது. ஆறாம் வகுப்பு பி பிரிவில் பின்னப் பெருக்கல் நடந்துகொண்டிருந்தபோது, வாடிய பூவின் அடியிலிருந்து ஊதா கலந்த பச்சையில் ஒரு காம்பு மெல்ல நீண்டு, காதைச் சுற்றி வந்து, தோளைத் தாண்டிக் குனிந்தது.

முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "டீச்சர், உங்களுக்குக் காதுல வால் முளைக்குது" என்றது.

"நீ பின்னத்தைக் கவனி" என்றார் டீச்சர்.

அந்தப் பக்கத்து ஊர்களில் மல்லாட்டை என்று சொல்வதைத் தெற்கே கடலை என்பார்கள், புத்தகத்தில் நிலக்கடலை என்று எழுதுவார்கள், கடையில் வேர்க்கடலை என்று கேட்பார்கள். கடைசிப் பெயர் தவறு என்பதைப் போகிற போக்கில் பதிவு செய்துவிடலாம்: அது வேரில் காய்ப்பதே இல்லை. மண்ணுக்கு மேலே, வெளிச்சத்தில், எல்லாச் செடியையும் போலத்தான் பூக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, குனிந்து, மண்ணைத் தேடி இறங்கி, உள்ளே போய் இருட்டில் காய்க்கிறது. மண் கிடைக்காத காம்பு கறுத்து உதிர்ந்துவிடும். இது தெரிந்தவர்களுக்குப் பின்னால் நடந்தது எதுவும் ஆச்சரியமாக இருக்காது. கல்லேரிமேட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. ஆனாலும் அவர்கள் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அது பங்குனி மாதம், தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது, யாருக்கும் நேரமில்லை.

அரைத்த கதை இப்படி. சம்பூரணத்தின் தங்கை வேதவல்லிக்குக் காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளிக் குலுக்கலில் ஒரு ஃபுட் பிராசஸர் விழுந்தது. வீட்டில் மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு என்று அவள் அதை அக்காவுக்குக் கொடுத்தாள். வீட்டில் மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு என்று அக்கா அதைப் பரணில் போட்டாள். இரண்டு வருடம் கழித்து, சம்பூரணத்தின் கணவரும் ஓய்வுபெற்ற நில அளவையருமான காசிலிங்கத்திடம் டாக்டர், இனி வெண்ணெயையும் நெய்யையும் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட, வேதவல்லி தான் எங்கோ படித்த ஒரு செய்முறையைப் போனில் ஒன்றேகால் மணி நேரம் சொன்னாள். மல்லாட்டையை ராத்திரி ஊறப்போடு, காலையில் தோலை உருவு, நிழலில் இரண்டு நாள் நன்றாக உலர்த்து, ஆனால் வறுக்காதே.

"வறுத்தா அது செத்துப்போயிடும்க்கா."

"அரைச்சா மட்டும் சாகாதா?"

"அது வேற சாவு. நீ அரைச்சுப் பாரு."

சம்பூரணம் அரைத்தாள். இரண்டு நிமிஷத்தில் மாவாயிற்று. ஐந்து நிமிஷத்தில் ஈர மணலைப் போல ஜாடிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, கரண்டியால் வழித்து நடுவே தள்ளி, மோட்டார் சூடு ஆறக் காத்திருந்து, மறுபடி ஓட்டினாள். பிறகு அது ஓர் உருண்டையாகத் திரண்டு, வீட்டுக்குள் யாரையோ அடைத்துவைத்தது போலத் தொம்தொம்மென்று சுவரில் மோதத் தொடங்கியது.

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஜெபமணி டீச்சரின் தலை தெரிந்தது. "என்னக்கா, போர் போடறீங்களா?"

"வெண்ணெய் எடுக்கறேன் டீச்சர்."

"மாடு எங்க?"

"மல்லாட்டையில எடுக்கறேன். ஆனா பாருங்க, இளகவே மாட்டேங்குது."

"ஒரு சொட்டுத் தண்ணி விடுங்களேன்."

தமிழ்நாட்டுச் சமையலறையில் எது சுற்றினாலும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் நிற்க முடியாத ஒரு கை இருக்கிறது. அது சட்னி அரைத்துப் பழகிய கை, யார் பேச்சையும் கேட்காது. சம்பூரணத்தின் கையும் டம்ளர்வரை போய்விட்டது. தண்ணீர் பட்டால் வெண்ணெய் சுவருக்குப் பூசும் பட்டியாக இறுகிவிடும் என்று தங்கை மூன்று தடவை சொல்லியிருந்தது கடைசி நொடியில் நினைவுக்கு வர, அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டாவது நிமிஷம் உருண்டை பளபளத்தது, பிறகு தளர்ந்தது, பதினெட்டாவது நிமிஷம், அத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருந்தது தானா என்பது போல, நெய்யாக மடிந்து மடிந்து ஓடியது. ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். டீச்சருக்குச் சுவருக்கு மேலேயே ஒரு ஸ்பூன் கொடுத்தாள்.

"பச்சை வாசனை அடிக்குதேக்கா."

"அடிக்கத்தான் செய்யும்."

வாசனை உண்மையிலேயே அடிக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள டீச்சர் இரண்டாவது ஸ்பூனும் சாப்பிட்டார். சம்பூரணம் கரண்டியில் ஒட்டியிருந்ததை மட்டும் நக்கிவிட்டு, மிச்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துச் சாப்பாட்டு மேசையில் கணவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைப் பார்த்து, "டாக்டர் சொன்னதுக்கு ஏத்தமாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கு. பிடிச்சா சாப்பிடச் சொல்லு" என்றாள்.

காசிலிங்கமும் சம்பூரணமும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பேசினார்கள், அவள் ஃப்ரிட்ஜிடம் பேசினாள், அவர் தினசரிக் காலண்டரிடம் பேசினார், இரண்டும் ஒரே கூடத்தில் இருந்ததால் குடும்பம் நடந்தது. ஆரம்பித்து வைத்தது அவருடைய பணி ஓய்வு விழா. மாலை, சால்வை, தாசில்தார் உரை எல்லாம் முடிந்து, வீட்டம்மாவும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை நீட்டியபோது, சம்பூரணம் வெட்கப்பட்டுக்கொண்டே, "ஊரையெல்லாம் சரியா அளந்தவர், எங்க வீட்டுக் காம்பவுண்டுல மட்டும் ஒன்றரை அடியை டீச்சர் வீட்டுக்குத் தானம் பண்ணிட்டார்" என்று சொல்லிவிட்டாள். மண்டபம் சிரித்தது. தாசில்தார் சிரித்ததுகூடப் பரவாயில்லை, டிரைவர் சிரித்தார். சொன்னது உண்மை என்பதால் மறுக்க வழியில்லாமல் காசிலிங்கம் வாயை மூடினார். மூடிய வாயை மனைவியின் பக்கமாக அதற்குப் பிறகு திறக்கவில்லை. முதல் வருடம் அது கோபமாக இருந்தது. இரண்டாம் வருடம் பழக்கமாகிவிட்டது. அதற்கு மேல் அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை.

காரைக்காலில் வேதவல்லி தனியாக இருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை, மிஷின் ஓடும்போதும் பேசுவாள், ஊசியில் நூல் கோக்கும்போதும் பேசுவாள். அக்காவை வந்து தன்னோடேயே இருந்துவிடச் சொல்லி வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பங்குனியில் சம்பூரணம் முடிவுசெய்து, அதை டீச்சரிடமும் ஃப்ரிட்ஜிடமும் சொல்லியும்விட்டாள்: மாதம் முடிவதற்குள் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாவிட்டால் தங்கை வீட்டுக்குப் போகிறேன், போனால் திரும்புவதாக இல்லை. காலண்டர் கிழிந்துகொண்டிருந்தது. பங்குனியில் பாதி போயிருந்தது.

இதற்கிடையில்தான் டீச்சர் மதிய உணவு நேரத்தில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்குப் போனார், அல்லது காம்பு அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனது. மரத்தடியில் அது விறைத்து நேராகக் கீழே சுட்டியது. ஒரு நிமிஷம்தானே என்று அவர் முந்தானையை விரித்து மண்ணில் காதை வைத்துப் படுத்தார். காம்பு மண்ணுக்குள் இறங்கியது, பால்பல் விழுவதைப் போல வலிக்காமல் அவரிடமிருந்து கழன்றுகொண்டது, அவர் எழுந்தபோது மணி மூன்று. "இன்னும் நானூத்தி பன்னெண்டு நாள் இந்தப் பிசாசுங்களோட மாரடிக்கணும்" என்று ஓய்வுநாளைத் தினம் எண்ணிக்கொண்டிருந்தவர் அன்றோடு எண்ணுவதை விட்டார். பிசாசுகள் முறைபோட்டு அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றின.

கல்லேரிமேடு விஷயத்தை உடனே புரிந்துகொண்டது: பூ வந்தால் காம்பு வரும், காம்பு அவரவருக்கு உரிய மண்ணைக் காட்டும், ஏழு நாளுக்குள் அங்கே போய்க் காதைவைத்துப் படுத்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எப்படிச் செய்வது என்றுதான் கேட்டார்கள். கவுன்சிலர் ஏகாம்பரத்தின் வீட்டம்மா பச்சை வாசனை பொறுக்காமல் கடலையை வறுத்து அரைத்தார்; பூ வரவில்லை. அடுத்த தெருவில் தண்ணீர் விட்டு அரைத்தார்கள். மோட்டார் புகைந்தது, ஜாடியிலிருந்து கெட்டியானதைக் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார்; பூ வந்தது, ஆனால் அது எந்தத் திசையும் காட்டாமல் தும்மிக்கொண்டே இருந்தது. ஆகவே எல்லாரும் கிண்ணத்தோடு சம்பூரணத்தின் சமையலறை ஜன்னலுக்கு வந்தார்கள், அவள் நாளுக்கு நான்கு ஜாடி அரைத்தாள்.

கவுன்சிலருக்குக் காம்பு பேரூராட்சிக் கட்டடத்தைக் காட்டும் என்று அவரே எதிர்பார்த்து, புகைப்படம் எடுக்க ஆளும் ஏற்பாடு செய்திருந்தார். அது எதிர்ப்புறம் திரும்பி, கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் அவர் நாள் முழுக்க உட்கார்ந்து கவுன்சிலர்களைத் திட்டிக்கொண்டிருந்த டீக்கடை பெஞ்சின் கால்மாட்டைக் காட்டியது. பால்காரர் துளசிங்கத்துக்குக் காட்டிய இடத்தில் முன்பு ஒரு சினிமா டென்ட் இருந்தது, இப்போது கல்யாண மண்டபம். அவர் முகூர்த்த நாளன்று வண்டி நிறுத்துமிடத்தில் துண்டு விரித்துப் படுக்க, மேனேஜர் ஓடிவந்து, "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார்.

"நான் மேட்னி ஷோ" என்றார் துளசிங்கம்.

பேரூராட்சி, காது வைத்துப் படுப்போர் போக்குவரத்துக்கு இடையூறின்றி ஓரமாகப் படுக்கவும் என்று பலகை வைத்தது. காதில் காம்போடு வண்டி ஓட்டியவர்களின் ஹெல்மெட் விஷயத்தில் போலீஸ்காரர் கண்டும் காணாமல் இருந்தார். கோயிலில், தலையிலேயே முளைத்த பூவைச் சாமிக்குச் சாத்தலாமா என்று ஒரு விவாதம் நடந்து, சாத்தலாம், ஆனால் ஆளோடு சேர்த்துச் சாத்த முடியாது என்று முடிவானது. ஜோசியர் பரமதயாளன் மட்டும் வீம்பு பிடித்தார். அவர் காம்பு, இனி வாசல் மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்த மாமனார் வீட்டுத் தோட்டத்தைக் காட்டியது. ஏழு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். எட்டாம் நாள் காம்பு கறுத்து உதிர்ந்தது. பிறகு அவர் ஐந்து பாட்டில் வெண்ணெயைக் காலி செய்தும் இன்னொரு பூ வரவில்லை. யாரிடம் பேசும்போதும் அவர் கை தானாகக் காதின் பின்னால் போய் எதையோ தேடிவிட்டு வரும்; பார்க்கிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

பக்கத்து மண்ணென்றால் காம்பே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். தூரத்து மண்ணென்றால் திசையையும் சாய்வையும் மட்டும்தான் காட்டும், மற்றதைக் கணக்குப் போட வேண்டும். இதற்குக் காசிலிங்கம் வேண்டியிருந்தது. அவர் பெட்டிக்கு அடியிலிருந்து திசைகாட்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துத் துடைத்து, வாசல் கேட்டருகே ஒரு நாற்காலி போட்டு, டோக்கன் கொடுத்து அளக்கத் தொடங்கினார். ஓய்வுபெற்று ஆறு வருடத்தில் அவர் குரல் தெருவில் கேட்டது அப்போதுதான். "தலையை ஆட்டாதீங்க. பூதானே இது, பூரானா? ஏன் இப்படிப் பதர்றீங்க?" என்று அதட்டுவார், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், "வடமேற்கு, முந்நூத்தி நாப்பது மீட்டர், மாவு மில்லுக்குப் பின்னால" என்று சொல்வார், அங்கே போனால் சரியாக இருக்கும்.

ஆக, ஒரே வீட்டில் பின்ஜன்னலில் அவள் வெண்ணெய் கொடுத்தாள், முன்கேட்டில் அவர் திசை சொன்னார், நடுவில் ஊரே நடந்தது. சேதிகளும் நடந்தன.

"அக்கா, சார் கேக்கறார், காபி கிடைக்குமான்னு."

"கேக்கறவருக்கு வாய் இருக்கான்னு கேட்டுட்டு வாங்க."

துளசிங்கம் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "இருக்குன்னு தலையை ஆட்டினார்க்கா."

சம்பூரணம் காபி கொடுத்தனுப்பினாள்.

கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கியதோடு சரி, சம்பூரணம் அந்த வெண்ணெயைச் சாப்பிடவே இல்லை. அந்தத் துளி மெதுவாக வேலை செய்து, இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கும் பூத்தது. சிறிய பூ. காம்பு நீண்டதும் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு, தலையைப் பின்னி, நல்ல புடவை கட்டி, தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்து, துளசிங்கத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். துளசிங்கம் தன் அத்தையை அளக்கக் கூட்டி வந்திருந்தார்.

அவள் முறை வந்தது. காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார், உடனே திசைகாட்டியைப் பார்த்தார். அவர் அதட்டத் தேவையிருக்கவில்லை, அவள் அசையாமல்தான் நின்றாள். ஆனாலும் அளக்க வேண்டுமென்றால் தாடையைப் பிடித்து ஒரு நூல் திருப்பியே ஆக வேண்டும். திருப்பினார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் விரல் அவள் முகத்தில் பட்டது. திசையைப் பார்த்தார், சாய்வைப் பார்த்தார், நம்பாமல் மறுபடி பார்த்தார். எல்லோருக்கும் வாயால் சொல்கிறவர் இதை மட்டும் தாளில் எழுதினார்: தெற்கு, சற்றே கிழக்காக, நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஊரின் பெயரை எழுதவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது எந்த ஊர் என்று தெரியும்.

அவள் தாளை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். இரு என்று ஒரு சொல் போதும். வேண்டாம் என்றாலும் போதும். ஏன் என்று கேட்டால்கூடப் போதும். அவர் வாய் திறந்தது. டீச்சர் சுவருக்கு மேலிருந்து, "சொல்லுங்க சார், சொல்லுங்க" என்றார்.

"அடுத்தவங்க வாங்க" என்றார் காசிலிங்கம்.

உள்ளே வந்த சம்பூரணம் ஃப்ரிட்ஜைத் திறந்து, அதன் முகத்திலேயே குளிர்ச்சியாகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை காலைல ஏழு நாப்பதுக்குக் காரைக்கால் பஸ். மாவு நாலு நாளைக்கு வரும். ரசப்பொடி மேல்தட்டுல. ரத்த அழுத்த மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி பாதி. இதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லணும்னா சொல்லிக்கோ."

அன்று மத்தியானம், தெரு ஓய்ந்திருந்தபோது, காசிலிங்கம் மேசைமேல் இரண்டு வாரமாகத் தொடாமல் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து, நின்றபடியே மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முப்பத்தைந்து வருடம் மண்ணை அளந்தவர். தன் காம்பு எங்கே காட்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை: இந்த வீடு, இந்த மனை, கிழக்குப் பக்கத்து எல்லைக்கல். அது காட்டிவிட்டால் போதும், தன் வாய் சொல்லாததை அது சொல்லிவிடும். இதுதான் என் இடம், இங்கே நீ இல்லாமல் எப்படி என்பதை ஒரு காம்பு குனிந்து நின்று நிரூபிக்கும்போது யார் பஸ் ஏறுவார்கள்? பேசத் தெரியாதவர்கள் ஆதாரம் சேகரிப்பார்கள். உத்தியோகத்தில் அது அவருக்கு உதவியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடியும்போது பூத்தது. வெயில் சுவரில் ஏறுவதற்குள் வாடி, காம்பு நீண்டது. அவர் ஒரு கையில் சவரக் கண்ணாடியும் ஒரு கையில் திசைகாட்டியுமாகப் பின்கட்டில் நின்று தன்னைத் தானே அளந்தார். கிழக்கு என்று வந்தது. எல்லைக்கல் பக்கம்தான், திருப்தி. ஊர்ஜிதம் செய்துகொள்ள மறுபடி பார்த்தார், வடக்கு என்று வந்தது. திசைகாட்டியைத் தட்டினார். மேற்கு. நாற்பது வருடமாகப் பொய் சொல்லாத கருவி. அவர் அதைத் துடைத்து, பக்கத்தில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இடுப்புச் சாவியைக் கழற்றித் தூர வைத்துவிட்டு அளந்தார். இப்போது காம்பு நிலையாக நிற்காமல் மெதுவாக, ஒரு கடிகார முள்ளைப் போல, மேற்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

சுவருக்கு மேலிருந்து ஜெபமணி டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அக்கா இப்ப துணிக் கொடியிலேர்ந்து பாத்ரூம் பக்கம் போறாங்க."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உங்களுதும் போகுது."

காசிலிங்கம் கண்ணாடியைத் தாழ்த்தினார். சம்பூரணம் ஈரத் துண்டைப் பிழிந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், காம்பும் போனது. எதையோ மறந்தவளாகத் திரும்பி வந்தாள். காம்பும் திரும்பி வந்தது. அவர் உள்ளே போய்ப் பீரோவைக் குடைந்து ஒரு மங்கி குல்லாவை எடுத்து, பங்குனி வெயிலில், கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

பையோடு வெளியே வந்த சம்பூரணம் குல்லாவைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்து, "என்னவாம்?" என்றாள்.

"காதுவலி" என்றார் காலண்டரிடம்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள், கேட்டைத் திறந்தாள், சத்தம் வராமல் சாத்தினாள். குல்லாவுக்குள் ஏதோ ஒன்று இடது பக்கமாக இழுபட்டு, கம்பளி முனையாகப் புடைத்து, தெருவில் அவள் போகப் போக அந்தத் திசையிலேயே நீண்டது.

டீச்சர் இப்போது சுவரில் பாதி ஏறியிருந்தார். "சார், உங்ககிட்ட ஏழு நாள் இருக்குன்னு நினைக்காதீங்க. அவங்க நடக்கற வேகத்துக்கு ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"மண்ணைத்தானே டீச்சர் காட்டணும்? எல்லாருக்கும் மண்ணைத்தானே காட்டுச்சு? ஆளைக் காட்டினா நான் எங்க போய்ப் படுக்கறது? எப்படி அளக்கறது? ஒரு இடத்துல நிக்காததை எப்படி அளக்கறது?" என்றார் காசிலிங்கம்.

"அவங்க எங்க நிக்கறாங்களோ அதுதான் சார் உங்க மண்ணு. இதைப் போய் அளப்பாங்களா? பின்னாலயே போவாங்க."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். "போய் என்ன சொல்றது?" என்று கேட்டார், அறுபத்துநாலு வயது மனிதர், ஆறாம் வகுப்பு பி பிரிவில் பதில் தெரியாமல் எழுப்பிவிடப்பட்டவர்களின் முகத்தோடு.

"அங்க போனா வாய் தானா வரும். ஜோசியரை நினைச்சுக்கோங்க" என்றார் டீச்சர்.

அவர் ஜோசியரை நினைத்துக்கொண்டார். ஜோசியரின் கை காதின் பின்னால் போய்ப் போய் வருவதை நினைத்துக்கொண்டார். வீட்டைப் பூட்டினாரா இல்லையா என்பது அவருக்கு நினைவில்லை. கல்லேரிமேட்டில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, எனவே மங்கி குல்லாவில் ஒரு கொம்பு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க ஓடி வருகிறவர் சர்வேயர்தான் என்று தெரிந்துகொள்ள டீக்கடை பெஞ்சுக்குச் சற்று நேரம் பிடித்தது. தெரிந்ததும் கவுன்சிலர் ஏகாம்பரம் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்று, சென்னையிலிருந்து வந்து இரண்டு நிமிஷம் மட்டும் நிற்கிற காரைக்கால் பஸ்ஸை மூன்றாவது நிமிஷமும் நிற்க வைத்தார். பதவிக்கு வந்த பிறகு அவர் செய்த காரியங்களில் ஊர் கைதட்டியது இதற்குத்தான்.

சம்பூரணம் இடது பக்கத்து இரட்டை இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் பை இருந்தது. காசிலிங்கம் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே, இனி பார்க்க ஒன்றுமில்லாத வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குல்லாவைக் கழற்றினார். காம்பு விடுபட்டு ஒரு துள்ளு துள்ளி, அவள் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அதன் நுனியிலிருந்து ஆரம்பித்து, அது முளைத்த இடம்வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சம்பூரணம்" என்றார். ஆறு வருடமாக உபயோகிக்காத பெயர் என்பதால் கொஞ்சம் கரகரத்தது. "பையை எடு. நான் உக்காரணும்."

அவள் பையை எடுக்கவில்லை. "காதுவலின்னு சொன்னீங்க?"

"பொய்."

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல." அவர் தெற்குப் பக்கமாகக் கையைக் காட்டினார், பஸ் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. "உன் மண்ணு அங்க இருக்கு. நானே அளந்தேன், தப்பாயிருக்காது. நீ அங்க படுக்கறப்ப பக்கத்துல எனக்கு ஒரு இடம் வேணும். வேதவல்லிக்கு ஆட்சேபணை இருக்குமா?"

"அவ பேசிட்டே இருப்பா. உங்களால தாங்க முடியாது."

"கேட்டுப் பழகிக்கறேன்."

சம்பூரணம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து நின்று, பெரியவரையும் அம்மாவையும் இருவருக்கும் நடுவில் இருந்த காம்பையும் பார்த்து, அதற்கு டிக்கெட் உண்டா என்று ஒரு கணம் யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"வந்தது தனித்தனியா" என்றார் காசிலிங்கம், துல்லியம் விட்டுப்போகாமல். "போறது ஒண்ணா."

அதற்குப் பிறகு சம்பூரணம் பேச ஆரம்பித்தாள். பணி ஓய்வு விழாவுக்கு மறுநாள் காலையிலிருந்து, ஒரு நாளையும் விடாமல், என்ன நடந்தது, அதை யாரிடம் சொல்ல நினைத்தாள், சொல்ல முடியாமல் என்ன செய்தாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் நடுநடுவே, "அது தெரியும், நான் அப்ப வாசல்லதான் நின்னேன்" என்றோ, "அன்னிக்கு நானும் தூங்கல" என்றோ சொன்னார். புதுச்சேரியில் ஒரு சண்டை வந்தது, கடலூர் பாலத்தில் தீர்ந்தது. சிதம்பரத்தில் டீ குடிக்க வண்டி நின்றபோது இரண்டாம் வருடம்தான் முடிந்திருந்தது. காரைக்கால் வந்து, கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டு, வேதவல்லியே படியேறி வந்து, "இறங்கேன்க்கா, எல்லாரும் இறங்கிட்டாங்க" என்றபோது, சம்பூரணம் தங்கையை ஏறிட்டுப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீ கொஞ்சம் பேசாம இரு, நான் இவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.